சித்தப்பா, சினிமாவுக்கு ஏன் போவல? – ஒரு கொடைக் கச்சேரிக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பின்னால் யாராவது ஒருத்தர் வந்து நிற்பார். டீக்கடையிலும் கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள், கீபோர்டு கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஃபீஸ் கொடுக்கும்போது கேட்பார்கள். எல்லாம் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். போன மாசம் அண்ணன் மகன், "சித்தப்பா, ஒரு தடவை எழுதிப் போட்டிருங்க, இனி கேக்கவங்ககிட்ட அதைக் காட்டிக்கிடுவோம்" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பேர்கள் மட்டும் இல்லை.

அண்ணாச்சி, நீங்க பாடகரா, கீபோர்டு வாசிக்கவரா, மியூசிக் டைரக்டரா?

எங்கள் பக்கத்து ஊர்க்கோவில் திருவிழாவுக்குக் கொடை என்று பேர், அந்தக் கொடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பேன். 1985இல் ஆரம்பித்தது, நடுவில் சில மாதம் தவிர இன்றுவரை நிற்கவில்லை. நாங்குநேரி, திசையன்விளை, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று நான் போகாத பக்கம் குறைவு. கச்சேரி இல்லாத நாளில் பிள்ளைகளுக்கு லண்டன் டிரினிட்டி காலேஜின் கிரேடு பரீட்சைக்குச் சொல்லிக்கொடுப்பேன், ஆர்மோனியம் ரிப்பேர் பார்ப்பேன்.

இதற்கு நடுவில் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, என் மெலிந்த குரலில் நானே பாடி, திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டிலேயே பதிவும் செய்தேன். அதில் எட்டுப் பாட்டு 1993இல் ஒரு கேசட்டாக வந்தது. இனி நான் செய்த கேசட் என்று வருவதெல்லாம் அதுதான்.

பாப்பு பாப்புன்னு சொல்லுதிய, சினிமாப் பாட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம பக்கம் அப்படி ஒண்ணு இருந்துதா?

சினிமாப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு, அதில் ஒரு ஆள் உண்டு, டைரக்டர் கை காட்டிய இடத்தில் பாட்டு வரும். பாப் பாட்டுக்கு அந்தத் துணை எதுவும் கிடையாது. மூணு நாலு நிமிசம், வாயில் சட்டென்று ஒட்டுகிற மெட்டு, யார் பாடுகிறானோ அவனே அந்தப் பாட்டுக்கு ஆள். அவ்வளவுதான்.

தமிழில் அதற்கு ஒரு பேர் வாங்கிக்கொடுத்தவர்கள் இலங்கைக்காரர்கள். அவர்கள் பொப்பிசை என்பார்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் இவர்கள் குரலெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், ஏனென்றால் திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இலேயே வந்துவிட்டிருந்தாலும் எங்கள் வீட்டு ரேடியோவின் முள் பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான் நிற்கும், நமக்குக் கடலைத் தாண்டினால் அவர்கள்தானே. அந்தப் பாட்டுகளில் வரும் பைலா தாளம் போர்ச்சுகீசியர் காலத்தில் இலங்கையில் வேர் பிடித்தது. ஆறு எண்ணிக்கையில் துள்ளும். முதல் தடவை கேட்டபோது அது வெளியூர்ச் சரக்கு என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெரு முத்தாரம்மன் கொடையில் நையாண்டி மேளக்காரர்கள் அடிக்கிற, மூணு மூணாக எண்ணும் திஸ்ர நடையிலும் அதே துள்ளல் இருந்தது. பத்துப் பதினைந்து வருசம் கழித்துக் கேசட் செய்ய உட்கார்ந்தபோது என் கையில் இருந்த ஒரே யோசனையும் இதுதான்.

யாருகிட்ட படிச்சிய?

முறையாக யாரிடமும் இல்லை. பாளையங்கோட்டையில் கூடப் படித்தவன் ஒருத்தன் என்னைச் சர்ச் பாடகர் குழுவுக்குக் கூட்டிப்போனான். எங்கள் வீட்டில் அம்மன் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு வரிசையும் நாலு மெட்டைப் பாட, அது ஒரே பாட்டாகக் கேட்கிறது என்பது பத்து வயதில் எனக்குப் பெரிய அதிசயம். அங்கே ஐந்து கோடு போட்டு எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் கிடையாது, சுரங்களை எழுத்தால் குறிக்கும் டானிக் சோல்ஃபாதான். இன்றைக்கும் அவசரத்துக்கு அதில்தான் குறித்துக்கொள்கிறேன்.

இன்னொரு வாத்தியார் டேப்ரெக்கார்டர். பாட்டு போட்டுத் தரும் கடையில் பட்டியல் கொடுத்து சி-90 கேசட்டில் இருபது பாட்டு வாங்கி வந்து, ரீவைண்ட் பட்டன் தேயத் தேயக் கேட்டு எழுதுவேன். அதில் ஒரு கூத்து உண்டு. கேசட் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், ஆனால் கடைக்காரர் மெஷின் ஒரு வேகம், என் மெஷின் ஒரு வேகம், பேட்டரி இறங்கினால் அது தனி வேகம். பாட்டின் சுருதி இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ போய் நிற்கும், கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் ஒட்டாது. அப்படிக் கேட்டுப் பழகிய காது கெட்டுப்போயிருக்க வேண்டும். என்னவோ அதுதான் கூர்மையாகிவிட்டது.

மெட்ராஸ் போயிருந்தா எங்கயோ போயிருப்பிய. சினிமாவுக்கு ஏன் போவல?

போனேன். 1987இல் ஏழு மாதம், திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூணு பேரோடு ஒரு ரூம். ரெக்கார்டிங்கில் வாசிக்கச் சங்கத்தில் சேர வேண்டும், சேரப் பணம் வேண்டும், பணம் சேரக் கச்சேரி வேண்டும், கச்சேரியெல்லாம் ஊரில் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் வாசித்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவன் திரும்பவில்லை.

இதை மண்ணின் மீது பாசம் என்று சொல்லி மாலை போட ஆள் இருக்கிறது, நாதஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தை உதாரணம் காட்டி எனக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. அவர் மேதை, என்னை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். நான் வந்தது பயத்தில். ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தேன், அங்கே முன்பின் பார்க்காத நோட்ஸை வைத்த உடனே முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்கள். எனக்கு அது வராது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஊருக்கு வந்தபிறகுதான் எனக்கு வருவது எது என்று தேட ஆரம்பித்தேன், ஆகவே அந்தப் பயத்துக்கு நான் கடன்பட்டவன்தான்.

அடுத்தவன் பாட்டை வாசிச்சே வயசு போயிட்டே, வருத்தம் இல்லையா?

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை வரை நாற்பது பாட்டு. அதில் முப்பது, போன வருசமும் வாசித்ததாக இருக்கும். 1991இல் ஒரு ராத்திரிக்கு எனக்கு 75 ரூபாய். சலிப்பு வரும், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு பாட்டை ஐநூறு தடவை வாசித்தவனுக்கு அதன் எலும்பு தெரியும். எந்த இடத்தில் சனம் எழுந்து டீக்குப் போகும், எந்த பேஸ் நோட்டில் திரும்பி வந்து உட்காரும் என்று மேடையில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்த இசைக் கல்லூரியும் இப்படி இரண்டாயிரம் பேரை முன்னால் உட்கார வைத்துச் சொல்லித்தராது.

இருந்தாலும் சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் நுழைத்தால் முன்வரிசையில் இருந்து "ஏலே, தெரிஞ்ச பாட்டை வாசில" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்கு இன்னும் பழகவில்லை.

சாமி வந்துட்டா கச்சேரியை நிப்பாட்டிருவியளா?

உடனே. நடுச்சாமப் பூசையான சாமக்கொடை நேரத்தில் மேளம் ஏறிச் சாமியாடி இறங்கிவிட்டால் பாட்டு எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்கிற வேலையே கிடையாது. சுடலைமாடன் வேட்டைக்குப் போய்த் திரும்பும்வரை மைக் ஆஃப். அந்த நேரத்தில் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, மகுடம் என்கிற தோல் கருவியை அடித்து ஆடும் கணியான் கூத்தும், வில்லுப்பாட்டும் கேட்டுத்தான் எனக்குப் பாதி இசை வந்தது.

வீட்டுலயே கேசட் பதிவு பண்ணினியளாமே, அந்தக் காலத்துல எப்படி?

அத்தான் சவுதியில் இருந்தார். 1990இல் லீவுக்கு வரும்போது ஒரு போர்ட்டாஸ்டுடியோ கொண்டுவந்தார், யாரோ கம்பெனியில் கழித்துக்கட்டியது. டாஸ்காம் 1979இல் முதன்முதலில் இந்த மாதிரி மெஷினைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மொத்தம் நாலு தடம் இருக்கிறது, இல்லையா? இந்த மெஷின் நாலையும் ஒரே திசையில் எழுதும். அதனால் கேசட்டைத் திருப்பிப் போட முடியாது. என்னுடையது இரட்டை வேகத்திலும் ஓடும், ஆக ஒரு சி-60இல் பதினைந்து நிமிசம்தான். 110 வோல்ட் மெஷின் என்பதால் பக்கத்திலேயே ஒரு டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நாலு தடத்தில் முழுப் பாட்டும் அடங்காது. தாளம், பேஸ், கீபோர்டு மூன்றையும் மூணு தடத்தில் எடுத்து, அளவு சரிபார்த்து, மூன்றையும் கலந்து நாலாவது தடத்துக்கு மாற்ற வேண்டும். இப்போது மூணு தடம் காலி, அதில் பாட்டு, கூடப் பாடும் குரல், வேறு எதாவது. ஆனால் ஒருமுறை கலந்துவிட்டால் கலந்ததுதான், பழைய தடங்களின் மேல் புதுசு எழுதிவிடுவோம். பேஸ் குறைந்து போச்சே என்று பிறகு தலையில் கைவைத்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டேப்பின் ஸ்ஸ் சத்தம் வேறு ஒரு மடங்கு ஏறும். இப்போது பிள்ளைகள் லேப்டாப்பில் நூறு தடம் திறந்து வைத்துக்கொண்டு எதை வைக்க, எதை விட என்று முடிவெடுக்க முடியாமல் முழிப்பதைப் பார்க்கும்போது அந்த நாலு தடத்தின் கொடுமை எனக்கு நல்லதுதான் செய்தது என்று படுகிறது.

பதிவெல்லாம் ராத்திரி பதினொன்றுக்கு மேல், ஜங்ஷன் பஸ் சத்தம் அடங்கியபின். ரயில் சத்தத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது பக்கத்து முதல் பாட்டில் பல்லவி முடியும்போது தூரத்தில் ஒரு ஹாரன் கேட்கும். வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்கிறார்கள். இல்லை, அன்றைக்கு நன்றாகப் பாடிவிட்டேன், மறுபடி அப்படி வரவில்லை.

வில்லையும் மகுடத்தையும் பாப் பாட்டுல சேத்தது தப்புன்னு அப்பவே சொன்னாவளாமே?

சொன்னார்கள். இரண்டு பக்கத்தில் இருந்தும் சொன்னார்கள், காரணம்தான் வேறுவேறு. சாமிக்கு அடிக்கிறதை டப்பாவில் அடைக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்கள். பட்டிக்காட்டுச் சத்தத்தைப் போட்டு நல்ல மெட்டைக் கெடுத்துட்டியே என்று கச்சேரிக்காரர்கள். எனக்கு முதல் கேள்வியின் மேல் மரியாதை உண்டு. அதனால் சாமி கதைப் பாட்டு எதையும் தொடவில்லை, அடியை மட்டும் எடுத்தேன். வில்லை ஊர்க் கொடைக்கு வெளியே கொண்டுபோவதும் என்னோடு ஆரம்பித்தது இல்லை. நம் மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், மறு வருசம் போய்ச் சேர்ந்தார்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தாளம் போடுகிற மெஷினான ரிதம் பாக்ஸில் நிமிசத்துக்கு 120 அடி என்று வைத்தால் பாட்டு முடிகிறவரை 120தான். வில்லுப்பாட்டு அப்படி இல்லை. கதை சூடேற ஏற வில்லை அடிக்கிற வீசுகோல் விரையும், குடமும் கூடவே ஓடும், உடுக்கைக்காரர் இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் பிடிப்பார். அதை மெஷின் தாளத்தின் மேல் ஒட்டினால் மாட்டு வண்டியை மோட்டாரில் கட்டின மாதிரி இருந்தது. போட்டுக்காட்டியபோது, பாட்டை நடத்துகிற அண்ணாவி ஒருத்தர், "எங்க அடி ஓடும், ஒன் பெட்டி நடக்கு, ரெண்டும் எப்படிச் சேரும்?" என்றார். மூணு பாட்டில் பெட்டியைத் தூக்கிப்போட்டேன். ஒரு மண்குடத்தை மடியில் வைத்து நானே தட்டி, அதன் மேல் மற்றதையெல்லாம் வாசித்தேன். குடத்தின் வாயருகில் மைக் வைத்தால் உள்ளே இருக்கிற காற்றின் கும்மென்ற சத்தம் கிடைக்கும், வயிற்றுப் பக்கம் வைத்தால் டக்கென்ற அடி மட்டும் கிடைக்கும். வாய்க்கு ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்தபோதுதான் இரண்டும் சேர்ந்து வந்தது. மூணு குடம் உடைந்தது.

மகுடம் எனக்கு வராது. கணியான் கூத்தில் மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலைத் தீயில் காட்டிக் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள், ஈரக்காற்று பட்டால் இறங்கிவிடும், மறுபடி தீ. இரண்டு பேரை அவர்கள் ஊருக்கே போய்ச் சாதாரண டேப்ரெக்கார்டரில் எடுத்துவந்து, என் மெஷினில் ஒரு தடத்தில் ஏற்றிக்கொண்டேன். ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். கேசட் அட்டையில் அவர்கள் பேரைப் போடவில்லை. அட்டையில் இடமில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள், நானும் சரி என்றேன். என் பேர் மூணு இடத்தில் இருந்தது.

அந்த கேசட் எம்புட்டு போச்சு?

ஆயிரம் அடித்தார்கள். எத்தனை விற்றது என்று எனக்குக் கணக்கு வரவில்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு கடை ஒன்றில் 1996இல்கூட ஒரு அடுக்கு தூசியோடு இருந்தது, நானே நாலு வாங்கினேன்.

ஒங்க பாட்டை வேற பேர்ல யாரோ யூடியூப்ல ஏத்திருக்காவளே. கேஸ் போடலாம்லா?

அந்தக் கேசட்டில் இருந்த ஒரு பாட்டு, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றியது. 2023 டிசம்பரில் மறுபடி வெள்ளம் வந்தபோது யாரோ அதைப் புது வீடியோவோடு போட்டுவிட்டார்கள், நாட்டுப்புறப் பாடல் என்று எழுதி. ஒரு பாட்டு நாட்டுப்புறமாக ஆகிவிட்டது என்றால் அது பெருமைதான் என்று தேற்றுகிறார்கள். எழுதினவன் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெருமை கொஞ்சம் கசக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் கேஸ் போட வேண்டியது நான்கூட இல்லை. 1993இல் அந்தக் கேசட் கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) 4000 ரூபாய்க்கு எல்லா உரிமையையும் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன், படித்துவிட்டுத்தான் போட்டேன். வீட்டில் பணத்தேவை. ஆனால் எழுதினவன் பேரைச் சொல்லச் சொல்கிற உரிமை விற்றபிறகும் எழுதினவனிடமேதான் இருக்கும், காப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு. அதை வைத்து அந்த வீடியோக்காரருக்கு எழுதினேன், பேர் போட்டுவிட்டார். இதை எழுதும்போது மகுடக்காரர்களைப் பற்றிச் சொன்ன பதில் ஞாபகம் வராமல் இல்லை.

அஞ்சு வருசம் ஆனா உரிமை தன்னால திரும்பி வந்துரும்னு ஒரு வக்கீல் சொன்னாரே, அப்ப ஒங்க பாட்டு ஒங்களுக்குத்தானே?

அவர் சொன்னது சரி, எனக்குத்தான் பொருந்தாது. பத்திரத்தில் எத்தனை வருசம் என்று எழுதாமல் விட்டால் அஞ்சு வருசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும், வாங்கினவர் ஒரு வருசம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அந்த உரிமை காலாவதி, இப்படியெல்லாம் 19ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் இவை 1994 திருத்தத்தில் வந்தவை, 1995 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன, அதற்கு முந்திய பத்திரங்களைத் தொடாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. இரண்டு வருசம் பொறுத்திருக்கலாம்.

நான் இப்போ ஒரு கம்பெனிக்குப் பாட்டு குடுக்கப் போறேன் மாமா, என்ன பாக்கணும்?

மேலே சொன்ன மூன்றையும் பார். வருசம், இடம், பயன்படுத்தாவிட்டால் என்ன. "பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது" என்று ஒரு வரி நுழைத்திருப்பார்கள், அதை அடிக்கச் சொல்லு. அப்புறம் பாட்டு வரி, மெட்டு, பதிவான ஒலி மூன்றும் தனித்தனிச் சொத்து என்பதை மறக்காதே. பதிவை மட்டும் கொடுத்து வரியையும் மெட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது. பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்களுக்கான காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்து வை. நான் வக்கீல் இல்லை, பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டு. அந்த ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதே.

அப்ப கொடையில சினிமாப் பாட்டு வாசிக்க நீங்க காசு கட்டணும்லா?

இதைக் கேட்டது பத்தாம் வகுப்புப் பிள்ளை. உண்மையான மதச் சடங்கில் வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது, கல்யாண ஊர்வலமும் அதில் சேரும். ஆனால் சாமிக்குப் படப்பு போட்ட பிறகு தனி மேடையில் நாலு மணி நேரம் நடக்கிற பாட்டுக் கச்சேரி சடங்கில் சேருமா என்று கேட்டால், சேராது என்று வாதாட இடமிருக்கிறது. என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் கொடுக்கவும் இல்லை. என் பாட்டைச் சொல்லாமல் எடுத்தான் என்று மேலே புலம்பினவன் நான்தான், தெரிகிறது.

டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிட்டு வாசிக்கிறியளே, அது ஏமாத்து இல்லையா?

அந்தப் பட்டன் கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும். பாடுகிற அண்ணனுக்குச் சுருதி ஒரு கட்டை, அதாவது சி. பாடுகிற தங்கைக்கு ஐந்தரை, அதாவது ஜி ஷார்ப். அடுத்தடுத்த பாட்டு, நடுவில் மூச்சு விட நேரம் கிடையாது, ராத்திரி மூணு மணி. பட்டன் இருக்கிறது, அமுக்குகிறேன். ஆனால் என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருசம் அந்தப் பட்டனில் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். பன்னிரண்டு கட்டையிலும் விரல் போகத் தெரிந்தவன் அமுக்கினால் அது சௌகரியம்.

வீட்டுல எப்படி சமாளிச்சிய? அத்தை ஒண்ணும் சொல்லலையா?

அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். குடும்பம் ஓடினது அந்தச் சம்பளத்தில். ஆடி, ஆவணி, பங்குனி, சித்திரை மாதங்களில் நான் பெரிய மனிதன், மற்ற மாதங்களில் மளிகைக் கடை நோட்டில் பாக்கி. 4000 ரூபாய்க்கு உரிமையை விற்றபோது அவள் கேட்டது ஒன்றுதான், "எட்டுப் பாட்டுமா?" அதற்கு மேல் இதைப் பற்றி எழுத அவளிடம் அனுமதி வாங்கவில்லை.

இப்போ கம்ப்யூட்டரே ஒரு நிமிசத்துல பாட்டு போட்டுருதே, இனி ஒங்க வேலை?

மருமகன் ஒருத்தன் போட்டுக்காட்டினான், "நெல்லை வில்லுப்பாட்டு பாப்" என்று கேட்டு வாங்கியது. பரவாயில்லை, மெட்டு நன்றாகத்தான் இருந்தது. வேகம் மட்டும் முதலில் இருந்து கடைசி வரை ஒரே வேகம். அண்ணாவி சொன்னதை இவனுக்கும் சொன்னேன்.

2023 வெள்ளத்துல எல்லா டேப்பும் போச்சுன்னாவ, ஒண்ணும் மிஞ்சலையா?

டிசம்பர் 17, 18இல் பெய்த மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் 41 கேசட் இருந்தது, இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறியது. போர்ட்டாஸ்டுடியோவும் போச்சு.

நனைந்த கேசட் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அவசரப்பட்டு மெஷினில் போட்டுவிடாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் கூடவே கூடாது. திருகு போட்ட கேசட் என்றால் கழற்றி, டேப் சுருளைப் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மெதுவாக அலசி, ஃபேன் காற்றில் நிழலில் பல நாள் உலரவிட்டு, வேறு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றுங்கள். ஓட்டும்போது முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டத்துக்கு அது இருக்கும் என்று நம்பக்கூடாது. இப்படி உட்கார்ந்து ஆறு கேசட்டை மீட்டேன்.

அதில் ஒன்று மகுடக்காரர்கள் ஊரில் எடுத்தது. பாட்டில் நான் பயன்படுத்தியது ஒன்றரை நிமிசம், டேப்பில் இருபத்திரண்டு நிமிசம் இருந்தது. நடுவில் தீ மூட்டுகிற சத்தம், டீ வந்தாச்சா என்று ஒருத்தர் கேட்கிறது, எல்லாம். இரண்டு பேரில் மந்தம் அடித்தவர் இப்போது இல்லை. உச்சம் அடித்தவரைத் தேடிப் போனேன், எண்பதைத் தாண்டிவிட்டார். பதிவைப் பேர்களோடு வெளியிடலாமா என்று கேட்டதற்குச் சரி என்றார், ஆனால் பேரு பாட்டோடு வரட்டும், அதுவரை எங்கேயும் எழுதாதேய்யா என்றார். அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.

போனில் ஹெட்செட் மாட்டிக் கொடுத்தேன். முழு இருபத்திரண்டு நிமிசமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழற்றிவிட்டு, "உச்சம் இறங்கிக் கெடக்கு, அன்னைக்குத் தீ காணாது" என்றார். டேப் பழசு, வேகம் குறைந்திருக்கும், அதனால் சுருதி இறங்கிக் கேட்கிறது என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.